நிக்காஹ் சரிபார்ப்பு முகாம்

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியாக இருந்த பெண், ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அவருடைய மனைவியாக இல்லாமல் போனார். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய மகன் கையிலிருந்த பலகைக் கணினியில் கடைசிப் பொத்தானைத் தட்டியதும் முடிவு சிவப்பு நிறத்தில் வந்தது, கீழே நேரமும் வந்தது.

மகனோடு இன்னும் இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். சரிபார்க்கப் போகும்போது மூன்று மூன்று பேராகப் போக வேண்டும் என்பது ஆதாரம் அண்ணனின் உத்தரவு. ஒருவர் கேட்பார், ஒருவர் தட்டுவார், ஒருவர் வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்வார். இந்த வீட்டில் தட்டுகிற வேலை மகனுக்கு.

"உங்க நிக்காஹுக்கு ரெண்டாவது சாட்சி யாருங்க?" என்று கேட்கிற இளைஞன் கேட்டான்.

"ஆபரேட்டர் மாமா. இவனுக்குத் தெரியுமே. இவனை சின்னதுல தோள்ல தூக்கிட்டுத் திரிவாரு."

"தோள் விஷயம் படிவத்துல இல்ல வாப்பா," என்றான் மகன், தலையை நிமிர்த்தாமல்.

"என்ன ஆபரேட்டர்?"

"தியேட்டர்ல படம் ஓட்டுறவரு."

"ஒரு நாளைக்கு எத்தனை காட்சி?"

"நாலு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

"வருஷத்துக்கு ஆயிரத்து நானூத்தி அறுபது," என்றான் கேட்கிறவன்.

"அவரு படத்தைப் பாக்க மாட்டாரு தம்பி. ஓட விட்டுட்டு அப்படியே தூங்கிடுவாரு."

"தூங்கினதுக்கு ஆதாரம்?"

மெக்கானிக்கிடம் இல்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் தூங்கியதற்கு ரசீது வாங்கி வைக்கும் பழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது. முதல் சாட்சியான அவருடைய பெரியப்பா, நிக்காஹ் போட்டோவில் மழமழவென்று மழித்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த போட்டோவை மகனே முன்கூட்டி எடுத்துக் கொடுத்திருந்தான். சினிமாவோடு புழங்குகிறவரும் தாடி வைக்காதவரும் பாவிகள், சாட்சியாக நிற்கக் கூடாது என்பது படிவத்தின் விதி. ஒரு சாட்சிக்கும் தகுதியில்லை என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் நிக்காஹ் செல்லாது. வருத்தமான முகம் வைத்திருந்தவன் எழுந்து, படுக்கையறைக் கதவில் 'செல்லாது' என்று அச்சிட்ட வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை, குமிழ் விழாமல், கட்டை விரலால் தேய்த்து ஒட்டினான்.

"ஏன்டா," என்றார் மெக்கானிக் மகனிடம், மற்ற இருவரும் படி இறங்கிய பிறகு. "எங்க நிக்காஹ் செல்லாதுன்னா, நீ யாரு?"

"அதையும் அண்ணன்கிட்ட கேட்டிருக்கேன் வாப்பா. வரிசையில இருக்கு. நாலாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டாவது கேள்வி."

சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. அதைக் கேட்டதும்தான் மெக்கானிக்குக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பையன் விளையாடவில்லை. "நான் உங்க ரெண்டு பேரையும் நெருப்புலேருந்து காப்பாத்தப் பாக்கறேன் வாப்பா. எனக்கு மூணு நாளா சோறு இறங்கல," என்றான். இருபது வயது, மூக்கில் இன்னும் பரு இருந்தது.

ஆதாரம் அண்ணன் என்பவர் யாரென்று சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வயது. மார்க்கம் பேச வருவதற்கு முன்னால் வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்றார். வீட்டுக்காரர்கள் குடிக்கிற தண்ணீரையே ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, அதில் மின்சாரக் கம்பி இரண்டை விடுவார். அரை நிமிடத்தில் தண்ணீர் சாக்கடை நிறமாகும். அது கம்பி துருப்பிடித்து வருகிற நிறம். ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு இதையா கொடுத்தோம் என்று தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்த ஏழு வருட அனுபவத்தோடுதான் அவர் மார்க்கத்துக்கு வந்தார். மதரஸா பக்கம் போனதில்லை. போயிருந்தால் நேரம் வீணாகியிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். "ஆதாரம் என்ன?" என்று ஒரு விரலை உயர்த்திக் கேட்பது அவர் பாணி. ஊரில் பாதி இளைஞர்களுக்கு அந்த விரல் வந்துவிட்டது. உப்பு எடுத்துக் கொடு என்று தாய் சொன்னால்கூட அந்த விரல் எழும்பியது.

"சாட்சி சரியில்லன்னா ஒப்பந்தமே செல்லாது. இதுவரைக்கும் அனுபவிச்சது அத்தனையும் ஹராம்." இது அவருடைய ஒரு நிமிட வீடியோ. மேலே, 'உங்கள் பெற்றோரின் நிக்காஹ் செல்லுமா?' என்று தலைப்பு. அது வெளிவந்த ஒன்பதாவது நாள் சரிபார்ப்புப் படை உருவாகிவிட்டது. மெக்கானிக்கின் தெருவில் நாற்பத்தோரு வீடு. பச்சை ஸ்டிக்கர் கிடைத்தது ஒரே ஒரு வீட்டுக்கு. அங்கே சாட்சிகள் யாரென்று யாருக்குமே ஞாபகமில்லை. குறை சொல்ல ஆளில்லாததால் பச்சை.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். நாளெல்லாம் ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பவர். அன்று வந்து செருப்பைக் கழற்றும்போதே கதவைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் போய்ப் படித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"சோறு போட்டுட்டுப் பேசலாமா? இல்ல, அந்நிய ஆம்பளைக்கு நான் சோறு போடக் கூடாதா?"

"அதுக்கு அண்ணன் பதில் சொல்லியிருக்காங்க உம்மா. நாப்பது நிமிஷம் ஓடும்."

"சோறு ஆறிடும்டா," என்றார் மனைவி.

அன்றிலிருந்து மெக்கானிக்கின் தலையணை கூடத்துக்கு வந்தது. மகன் படுக்கையறை வாசலில் பாய் போட்டுக்கொண்டான். சாப்பாட்டு மேசையின் நடுவில் துணி காயப்போடும் மடக்குச் சட்டம் ஒன்றை விரித்து, அதில் போர்வை தொங்கவிட்டான். போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டு தள்ளப்படும், இந்தப் பக்கம் மெக்கானிக் வாங்கிக்கொள்வார்.  மனைவி சண்டை போட்டிருந்தால் மெக்கானிக்குக்குத் தெம்பாக இருந்திருக்கும். போர்வைக்குப் பின்னால் அவர் பாட்டுக்கு நிதானமாக மென்றுகொண்டிருக்கும் சத்தம் மெக்கானிக்கைக் கதிகலக்கியது. பதினேழு மாடி லிஃப்ட் குழிக்குள் ஒரு கயிற்றை நம்பித் தொங்குகிற மனிதர் அவர்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனார். ஏழு வருடம் ஓதிப் பட்டம் பெற்று, முப்பது வருடம் ஓதிக் கொடுத்தவர். மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள் ஹஸ்ரத் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"ஒண்ணும் ஆகல. சாட்சி அன்னிக்கு ஊருக்கு நல்ல மனுஷனாத் தெரிஞ்சாப் போதும். அவரு வீட்டுக்குப் போயி என்ன பண்ணாருன்னு தோண்டச் சொல்லி எந்தக் கிதாபுலயும் இல்ல. போயி நிம்மதியா இருங்க."

"இதை வந்து பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன் ஹஸ்ரத்."

ஹஸ்ரத் ஜன்னல் தாழ்ப்பாளையும் போட்டார். "நான் ஓதி வச்ச நிக்காஹ் மட்டும் தொள்ளாயிரத்துச் சொச்சம். பதிவேட்டை எடுத்துக்கிட்டு எந்த நிமிஷமும் வருவாங்க. நேத்து ரெண்டு பேரு வந்து, நீங்க ஓதின மதரஸாவுக்கு ஆதாரம் என்னன்னு கேட்டாங்க. கட்டடத்தையா கொண்டு வந்து காட்ட முடியும்? நீங்க இங்க வந்ததை யார்கிட்டயும் சொல்லாதீங்க. பின்வாசல் திறந்திருக்கு."

மகன் காதில் இதைப் போட்டபோது அவன் கேட்டது ஒரே கேள்விதான். "அவரை எத்தனை பேர் பின்தொடர்றாங்க வாப்பா?"

"தொழுகையில முன் வரிசையில பதினெட்டுப் பேர் நிப்பாங்க."

மகன் பரிதாபமாகச் சிரித்தான்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மெக்கானிக் ஆதாரம் அண்ணனையே பார்க்கப் போனார். மற்றவர்களுக்கு அது லேசில் முடிகிற காரியமில்லை. முன்பதிவு, நுழைவு அட்டை, காத்திருப்பு என்று மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அண்ணனின் அலுவலகம் இருந்த கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்கின் பராமரிப்பில் இருந்தது. நான்காவது மாடியில் நிறுத்தி, பழுது பார்க்கிற பாவனையில் கருவிப்பையோடு உள்ளே நுழைந்தார். யாரும் தடுக்கவில்லை. கருவிப்பை வைத்திருப்பவனை உலகத்தில் யாரும் தடுப்பதில்லை.

உள்ளே பதிவு நடந்துகொண்டிருந்தது. கொடியில் ஒன்பது ஜிப்பாக்கள் தொங்கின. அண்ணன் கேமராவைப் பார்த்து, "கூடாது. கூடவே கூடாது. இது பெரும் பாவம்," என்றார். ஜிப்பாவை மாற்றினார். "தாராளமா செய்யலாம். இதுல சந்தேகமே வேண்டாம்," என்றார். மறுபடி மாற்றினார். "இதைச் செஞ்சவங்களுக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். அழுங்க."

கேள்வி கேட்க எதிரே ஒருவரும் இல்லை.

கணினி முன்னால் வழுக்கைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் வீடியோக்களை வெட்டி ஒட்டுபவர். முன்பு கல்யாண வீடியோக்கள் வெட்டிக்கொண்டிருந்தாராம். மெக்கானிக் அவர் காதருகே குனிந்தார்.

"கேள்வியே இல்லாம பதில் சொல்றாரே?"

"பதிலைத்தான் மொதல்ல எடுப்போம். ஒரு நாளைக்கு அம்பது. கேள்வியை அப்புறமா நான் சேத்துக்குவேன். கேள்வி கேக்கறவங்களை உக்கார வச்சு எடுத்தா திக்குவாங்க, கதை பேசுவாங்க, நேரம் போகும்."

"அந்த சாட்சி பதிலு... அதுக்கு என்ன கேள்வி?"

அவர் கணினியில் தேடினார். "அதுவா. அது பழைய ஸ்கூட்டர் விக்கிறதைப் பத்திச் சொன்னது. அண்ணனோட மச்சான் ஸ்கூட்டர் வித்ததுல ஏதோ தகராறு. கையெழுத்துப் போட்ட சாட்சி சரியில்லன்னு கோவத்துல பேசினாரு. நல்லாப் பேசியிருந்தாரு, வீணாக்க மனசு வரல. ஸ்கூட்டர்னு போட்டா யாரு பாப்பாங்க? நிக்காஹ்னு போட்டேன்."

 மெக்கானிக் கருவிப்பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஜிப்பா மாற்றுவதற்கு இடையில் இவரைப் பார்த்து, பக்கத்தில் வந்து, மிகவும் மரியாதையாகத் தோளைத் தொட்டார்.

"என்ன மாமா, லிஃப்ட் சரியாயிடுச்சா?"

மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டிக்கர், போர்வை, பாய் போட்ட மகன், போர்வைக்குப் பின்னால் மெல்லும் சத்தம். கடைசியில், "அது ஸ்கூட்டருக்குச் சொன்னதாமே தம்பி," என்றார்.

அண்ணன் யோசித்தார். "இருக்கலாம் மாமா. ஆனா ஸ்கூட்டருக்கே இவ்வளவு கண்டிப்புன்னா நிக்காஹுக்கு எவ்வளவு இருக்கணும்?"

"தப்பா வந்துடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா என் பையன் கேட்டுக்குவான்."

"சொல்லலாம். எனக்கு அகம்பாவம் கிடையாது. ஆனா பதினோரு லட்சம் பேரு பாத்துட்டாங்க. ஓதினவங்க எல்லாம் ஒரு விஷயத்துல ஒண்ணு சேந்தா அதுக்கு இஜ்மான்னு பேரு, மறுக்கவே கூடாது. அவங்க மொத்தம் எத்தனை பேரு சேருவாங்க, ஐம்பது? நம்மகிட்ட பதினோரு லட்சம். இப்பப் போயி தப்புன்னு சொன்னா பசங்களுக்கு சந்தேகம் வரும். என் மேல வந்தா பரவாயில்ல, நான் சாதாரண ஆளு. மார்க்கத்து மேலயே வந்துடுச்சுன்னா? அந்தப் பாவத்தை நீங்க சுமப்பீங்களா மாமா?"

மெக்கானிக் சுமக்கமாட்டேன் என்று தலையாட்டினார்.

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நினைக்கறீங்களா?" அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் பதில் போடலன்னா பசங்க அடுத்த அண்ணன்கிட்டப் போயிடுவாங்க. பக்கத்துத் தெருவுல ஒருத்தன் கிளம்பியிருக்கான். நான் பெத்தவங்களோட நிறுத்திட்டேன், அவன் தாத்தா வரைக்கும் போறான்." கண்ணில் நீர் முட்டியது. வெட்டி ஒட்டுபவர் சட்டென்று கேமராவை ஓடவிட்டார். அண்ணனும் சட்டென்று ஒளிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகுதான் அவர் வழி சொன்னார். சிவப்பு வந்த ஜோடிகளுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உள்விளையாட்டு அரங்கத்தில் மறு நிக்காஹ். நூற்று நாற்பது ஜோடி. நேரலை. "ஒரே நாள்ல ஹலால் ஆயிடலாம் மாமா. கட்டணம்கூட இல்ல. சும்மா வந்து உக்காருங்க."

மறு நிக்காஹுக்குப் பெண்ணின் பொறுப்பாளர் ஒருவர் சம்மதிக்க வேண்டும். மெக்கானிக்கின் மாமனார் காலமாகிவிட்டார், மனைவிக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. அதனால் பொறுப்பாளராக மகனையே நியமித்துப் படையிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை மெக்கானிக் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில், மகன் எதிரே உட்கார்ந்து பெண் கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்றான் மகன். கையில் படிவம் இருந்தது.

"உனக்குத் தெரியாதாடா."

"படிவத்துல கேக்குது வாப்பா."

"லிஃப்ட் மெக்கானிக்."

"ஏற்கெனவே நிக்காஹ் ஆனவரா?"

மெக்கானிக் எட்டிப் படிவத்தைப் பார்த்தார். ஆனவர் என்றால் யாரோடு என்று அடுத்த கட்டத்தில் கேட்டிருந்தது. ஆகாதவர் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவன் யாரென்று சொல்ல வேண்டியிருக்கும். மகனும் அதே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தான்.  கடைசியில் 'பொருந்தாது' என்று தட்டினான்.

"பொண்ணை நல்லாப் பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்குவேன்."

"ஆதாரம்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, அவனே தலையைக் குனிந்துகொண்டான். சமையலறையிலிருந்து ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் மூவாயிரம் இளைஞர்கள். எல்லோர் கையிலும் போன். நடுவில் வரிசையாக நூற்று நாற்பது நாற்காலியில் நரைத்த மாப்பிள்ளைகள். எதிர்ப்பக்கம் மணப்பெண்கள். முட்டிவலி உள்ளவர்களுக்கு மட்டும் மெத்தை போட்டிருந்தார்கள். சாட்சிகளாக இரண்டு இளைஞர்கள் மேடையில் நின்றார்கள். சினிமா பார்த்ததில்லை, பாட்டுக் கேட்டதில்லை, சிரித்ததில்லை என்று மூன்று பேர் அவர்களுக்குச் சான்று சொல்ல, அந்த மூன்று பேருக்கு ஒன்பது பேர் சான்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது பேருக்கு யார் என்று கேட்க நேரமில்லை.

மெக்கானிக்கின் ஜோடிதான் முதல். ஆரம்பத்துக்கு நல்ல முகமாக வேண்டும் என்று வெட்டி ஒட்டுபவர் தேர்ந்தெடுத்திருந்தார். அண்ணன் புது ஜிப்பாவில் வந்து மனைவியின் முன்னால் மைக்கை நீட்டினார்.

"பெண்ணோட சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்ல. இதோ இவரை ஏத்துக்கறதுக்கு உங்களுக்கு முழு சம்மதமா? உரக்கச் சொல்லுங்க. நேரலையில போகுது."

மனைவி மைக்கைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். கடையில் வில்லையை மாற்றிப் போட்டுவிட்டு ஆளையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பார்வை. ஒரு நொடி, இரண்டு நொடி.  மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாக அவர் அண்ணனுக்குப் பயந்தார், மகனுக்குப் பயந்தார், நெருப்புக்குப் பயந்தார். இந்தப் பெண் இல்லை என்று சொல்லலாம் என்பதற்குப் பயப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது மொத்தமாகத் தோன்றியது.  உள்ளங்கை ஈரமாகி நாற்காலிக் கை வழுக்கியது. ஏழு நொடி. எட்டு.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் மனைவி. "புருஷன் உசிரோட இருக்கிற பொம்பளைக்கு, அவர் கூடவே வாழ்ந்துட்டு இருக்கிறவளுக்கு, இன்னொரு நிக்காஹ் பண்ணி வைக்கலாமா?"

கேள்வியைக் காதில் வாங்கிப் பதில் சொல்லி அண்ணனுக்கு வழக்கமில்லை. பதில் மட்டும் தானாக வந்தது. விரல் உயர்ந்தது. "கூடாது. கூடவே கூடாது. இது பெரும் பாவம்."

மூவாயிரம் பேரும் குறித்துக்கொண்டார்கள்.

"நல்லது. எனக்கு எங்க வாப்பா ஊரறிய முடிச்சு வச்ச புருஷன் இருக்காரு. அதோ வேர்த்துப்போய் உக்காந்திருக்காரு," என்ற மனைவி, மைக்கை அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

 கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பெண் எழுந்தார். பிறகு இருவர். அப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம் நிற்கவே இல்லை. மூன்று பெண்கள் மட்டும் கிளம்பாமல் படையின் பதிவு மேசைக்குப் போனார்கள். அவர்கள் மறு நிக்காஹ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய நிக்காஹ் செல்லாது என்பதை மட்டும் முத்திரை போட்டு எழுத்தில் கேட்டார்கள். அவர்களுடைய கணவர்கள் அன்று திரும்பிப் போன கோலத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் காலையில் புது வீடியோ வந்தது. 'கணவன் இருக்க மறு நிக்காஹா? துணிந்து கேட்ட சகோதரி, அதிர வைத்த அண்ணன்.' எட்டு நொடி மௌனத்தை வெட்டியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு லட்சம். மறு நிக்காஹ் செய்ய யாரோ ஊரெல்லாம் கிளம்பியிருப்பதாகவும், இளைஞர்கள் விழிப்போடு இருந்து அதைத் தடுக்க வேண்டும் என்றும் அண்ணன் அதில் கேட்டுக்கொண்டார். சரிபார்ப்புப் படை அன்றே தடுப்புப் படையாக மாறியது. ஆட்கள் அவர்களே. படிவம்தான் வேறு.

மகன் அதில் சேரவில்லை. வெந்நீரும் கரண்டியுமாக உட்கார்ந்து கதவிலிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தான். வாப்பாவின் தலையணையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தான். "நாலாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டை வாபஸ் வாங்கிட்டேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

இத்தோடு மெக்கானிக்கின் பயம் போயிருக்க வேண்டும். அவரும் அப்படித்தான் நினைத்தார். மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அந்த எட்டு நொடி என்ன யோசிச்சே?"

"ஒண்ணுமில்லங்க. இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்லையேன்னு யோசிச்சேன்."

"ஏன், நம்ம நிக்காஹ் அன்னிக்கு உள்ள வந்து கேட்டாங்களே?"

"கேட்டாங்க. நான் அழுதுட்டு இருந்தேன். எங்க பெரியம்மா, அழுறா, அப்ப சம்மதம்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

 "நேத்துதான் புருஷன் இருக்காருன்னு அத்தனை பேர் முன்னால சொன்னியே?"

"இருக்கீங்கதானே. இருக்கீங்கன்னுதான் சொன்னேன். வேணுமான்னு அந்தத் தம்பி கேட்டதுக்கு நான் பதில் சொல்லலயே."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தார். மைக் இல்லை, ஜிப்பா இல்லை, போர்வை இல்லை. "சரி. இப்ப நான் கேக்கறேன்."

மனைவி கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் துடைத்தார். மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேங்க," என்றார்.

இது நடந்து பத்தொன்பது நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடக்கிறது. சோறு நேரத்துக்குக் கிடைக்கிறது, பேச்சும் சிரிப்பும் இருக்கிறது. மெக்கானிக் மட்டும் வேலை முடிந்து வந்ததும், திறந்தே கிடக்கும் தன் வீட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே வரலாம் என்று குரல் வரும் வரை வெளியே நிற்கிறார்.